ஹெட்செட் வாங்கப் போறீங்களா?



நான் வீட்டோடு இருப்பவள். சமையல் வேலை முடிந்ததும் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து விடுவேன். அக்கம்பக்கத்தில் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பேன், புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுப்பேன். மிஷின் ஓடும்போது பாட்டு கேட்பது நெடுநாள் பழக்கம். முன்பு ரேடியோ, இப்போது செல்போன். சத்தமாக வைத்தால் பிள்ளைகள் படிக்க முடியவில்லை என்று முணுமுணுப்பார்கள். அதனால்தான் இந்த 'ஹெட்செட்'டைக் காதில் மாட்டும் பழக்கம் எனக்கும் வந்தது.

போன ஆவணியில் நடந்ததைச் சொல்கிறேன். முகூர்த்த நாள் நெருக்கம். ஏழெட்டு ஜாக்கெட் பாக்கி. என் மகன் தன் பழைய ஹெட்செட்டைக் கொடுத்து, "இதைப் போட்டுக்கம்மா, மிஷின் சத்தமே கேக்காது" என்றான். ஒயர் கிடையாது, காது ஓட்டைக்குள் ரப்பர் போய் அடைத்துக் கொள்ளும். போட்டேன். நிஜமாகவே மிஷின் மோட்டார் சத்தம் அப்படியே மறைந்து போனது! எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு மணி நேரத்தில் இரண்டு ஜாக்கெட் முடித்தேன்.

அந்த நேரத்தில் என் மாமியார் கொல்லையில் துவைக்கிற கல் பக்கத்தில் பாசி வழுக்கி விழுந்து கிடந்திருக்கிறார். 76 வயது அவருக்கு. "தாயி... தாயி..." என்று கால் மணி நேரம் கூப்பிட்டிருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, ஓடி வந்து எங்கள் வாசல் கதவைத் தட்டியிருக்கிறார். அதுவும் என் காதில் விழவில்லை. கடைசியில் ஜன்னல் வழியே கையை விட்டு ஆட்டியபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. 6 வாரம் மாவுக்கட்டு. அத்தை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டு போச்சு தாயி" என்று மட்டும் ஆஸ்பத்திரியில் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. எங்க வீட்டுக்காரர்தான், "அந்தக் கருமத்தைத் தூக்கிக் குப்பையில போடு" என்று கத்தினார். நான் அதைப் பீரோவுக்குள் போட்டுப் பூட்டினேன்.

ஆனால் ஒரு மாதம் போனதும் யோசித்தேன். பாட்டுக் கேட்டது தப்பா, இல்லை அந்த வேலைக்குப் பொருந்தாத ஒன்றைக் காதில் அடைத்துக் கொண்டது தப்பா? எண்ணெய்ச் சட்டியில் பால் காய்ச்சினால் சட்டி மேலா குற்றம்? அப்புறம்தான் மகனிடமும் மகளிடமும் கேட்டு, கடை கடையாக ஏறி இறங்கி, டாக்டரிடமும் விசாரித்து இதில் இத்தனை வகை இருப்பதைத் தெரிந்து கொண்டேன். நாம் எல்லாவற்றையும் 'ஹெட்செட்' என்ற ஒரே பெயரில் கூப்பிடுகிறோம். கடைக்காரத் தம்பி "எது வேணும்க்கா?" என்று கேட்டால் திருதிருவென்று முழிக்கிறோம்.

முதலில் ஒரு சுவாரஸ்யம். காதில் மாட்டிக் கேட்கும் இந்தக் கருவியைச் செம்மையாகச் செய்தவர்களில் ஒருவர் நத்தானியேல் பால்ட்வின் என்ற அமெரிக்கர். 1910ல் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கையாலேயே செய்து, அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினாராம்! சமையலறையில் பிறந்த சாமான் என்று தெரிந்ததும் எனக்கு அதன் மேல் இருந்த கோபம் பாதி குறைந்தது. அப்புறம் 1979ல் சோனி கம்பெனியின் வாக்மேன் வந்தது. தலைக்கு மேல் ஒரு கம்பி, காதுக்கு இரண்டு பஞ்சு வட்டம். துபாயிலிருந்து வந்த என் சித்தப்பா அதைப் போட்டுக் கொண்டு தெருவில் நடந்தது இன்னும் நினைவிருக்கிறது. ஊரே வேடிக்கை பார்த்தது.

இப்போது வகைகளுக்கு வருகிறேன்.

எனக்கு வினை வைத்தது ரப்பர் வைத்த வகை. காது ஓட்டைக்குள் நுழைந்து தக்கை போல் அடைத்துக் கொள்ளும். வெளிச் சத்தம் பாதி நின்று விடுவதால், பாட்டைக் குறைந்த சத்தத்திலேயே கேட்கலாம். தபலா, மிருதங்கம் எல்லாம் நன்றாகக் கேட்கும். டப்பாவில் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவில் ரப்பர் தருவார்கள். நம்மில் பலர் முதலில் மாட்டியிருப்பதையே போட்டுக் கொண்டு, "சத்தமே சரியில்லை, கழன்று விழுது" என்று குறை சொல்கிறோம். மற்ற அளவுகள் டப்பாவோடு குப்பைக்குப் போகின்றன. பெண்களில் பலருக்குச் சிறிய ரப்பர்தான் சரியாக உட்காரும். இடது காதுக்கும் வலது காதுக்கும்கூட அளவு வேறுபடலாம். எனக்கு அப்படித்தான்.

இதிலேயே விலை கூடியவற்றில் வெளி இரைச்சலை அடக்கும் வசதி இருக்கிறது. உள்ளே ஒரு குட்டி மைக் வெளிச் சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கிக் காதுக்குள் விடும். இரண்டும் மோதி ஒன்றை ஒன்று அழித்துவிடும். 1978ல் அமர் போஸ் என்பவர் விமானத்தில் வரும்போது, என்ஜின் இரைச்சலில் கொடுத்த ஹெட்போனில் ஒன்றுமே கேட்கவில்லை என்று எரிச்சல்பட்டு, அங்கேயே உட்கார்ந்து இதற்குக் கணக்குப் போட ஆரம்பித்தாராம். அவர் அப்பா வங்காளத்திலிருந்து அமெரிக்கா போனவர். இது ஃபேன், பஸ் என்ஜின், மிக்ஸி, தையல் மோட்டார் போல ஒரே சீராக ஓடும் சத்தத்தை நன்றாக அடக்கும். மனிதக் குரலையும் திடீர்ச் சத்தத்தையும் அவ்வளவாக அடக்காதாம். ஆனால் ரப்பர் பாதி அடைத்து, மேலே பாட்டும் ஓடினால்? என் கதைதான். பஸ்ஸில், ரயிலில் உட்கார்ந்து போகிறவர்களுக்கு இது அருமை. வயதானவரையோ கைக்குழந்தையையோ வைத்துக் கொண்டு வீட்டில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு இரண்டு காதிலும் இது கூடவே கூடாது.

அடுத்தது ரப்பர் இல்லாத வெறும் பிளாஸ்டிக் வகை. முன்பு செல்போன் வாங்கினால் டப்பாவிலேயே வருமே, அது. காது மடலின் பள்ளத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். உள்ளே அடைக்காது. குக்கர் விசில், காலிங்பெல், "அம்மா பசிக்குது" எல்லாம் கேட்கும். காதும் வியர்க்காது. ஒயர் இல்லாமலும் இதே உருவத்தில் வருகிறது.

'அப்போ இதுதான் நல்லது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மகள்தான், "பஸ்ஸுல இதைப் போட்டா ஒண்ணும் கேக்காதும்மா, சத்தத்தை ஏத்திக்கிட்டே போவோம்" என்றாள். யோசித்தால் அதுதான் ஆபத்து. வெளிச் சத்தத்தை விட்டுவிடும் வகையை இரைச்சலான இடத்தில் போட்டால், பஸ் சத்தத்தோடு போட்டி போட்டுப் பாட்டைக் கூட்டுவோம். காதுக்கு இரட்டை அடி. அடைக்கும் வகையை வீட்டில் போட்டால் வீடு கேட்காது. ஆக, எது உசத்தி என்று கேட்பதை விட, எங்கே உட்கார்ந்து கேட்கப் போகிறோம் என்று பார்ப்பதுதான் முக்கியம். கடைக்காரர்கள் இதை மட்டும் கேட்பதே இல்லை. கலர்தான் கேட்கிறார்கள்!

சத்தம் என்றதும் ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2019ல் ஒரு வரையறை சொன்னது. பெரியவர்கள் 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். குழந்தைகள் என்றால் 75 டெசிபல்தான். 3 டெசிபல் கூடினாலே நேரம் பாதியாகக் குறைந்துவிடும். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம். 100 என்றால் வெறும் 20 நிமிஷம். ரேஷன் மாதிரிதான். ஒரே நாளில் தீர்த்துவிட்டால் அந்த வாரத்துக்கு அவ்வளவுதான். டெசிபலை யார் அளப்பது என்கிறீர்களா? செல்போனில் சத்தக் கோடு முழுதாக இருப்பதை 100 என்று வைத்துக் கொண்டால் 60ஐத் தாண்டாமல் இருங்கள் என்கிறார்கள். ஒரு காதின் உள்ளே சுமார் 15 ஆயிரம் நுண்ணிய மயிர்ச் செல்கள்தான் இருக்கின்றன. அதிகச் சத்தத்தில் அவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. தலைமுடியாவது கொட்டினால் முளைக்கும்!

என் மகள் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றிக் கொண்டு, ஈரக் காதோடு ரப்பர் ஹெட்செட்டை மாட்டிக் கொண்டு காலேஜ் பஸ் ஏறுவாள். தினம் மூன்று மணி நேரம் காதிலேயே இருக்கும். போன மார்கழியில் வலது காதில் ஒரே நமைச்சல். நான் வழக்கம் போல் இரண்டு சொட்டு எண்ணெயைக் காய்ச்சி விட்டேன். மறுநாள் வலி, அடைப்பு. காது மூக்கு தொண்டை டாக்டர் உள்ளே விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, காளான் பிடித்திருக்கிறது என்றார். ஈரமும் சூடும் காற்றோட்டம் இல்லாத இடமும் சேர்ந்தால் அது வளருமாம். நம் ஊர்ச் சீதோஷ்ணத்தில் சாதாரணமாக வருவதுதான் என்றார். எண்ணெய் விட்டதற்கு எனக்கு நல்ல டோஸ் கிடைத்தது. சுத்தம் செய்து சொட்டு மருந்து கொடுத்தார். மூன்று வாரம் ஹெட்செட்டே போடக்கூடாது என்று கண்டிஷன்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் சட்டம்: காது நன்றாகக் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும். ஒருவர் போட்டதை இன்னொருவர் போடக்கூடாது. வாரம் ஒருமுறை ரப்பரை மட்டும் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் போகக் காய வைத்து மாட்ட வேண்டும். காது அழுக்கு அந்த வலை போன்ற வாயில் அடைத்துக் கொண்டால் ஒரு பக்கம் சத்தம் குறையும். ரிப்பேர் என்று தூக்கிப் போடாமல் உலர்ந்த பழைய பிரஷ்ஷால் துடைத்துப் பாருங்கள். என் மகன் தூக்கிப் போட இருந்த ஒன்று இப்படித்தான் பிழைத்தது.

ஒயரா, ஒயர் இல்லாததா? ஒயர் உள்ளதில் சார்ஜ் தொல்லை இல்லை, விலையும் குறைவு, தொலைந்தும் போகாது. ஆனால் வாங்கும் முன் உங்கள் செல்போனில் அந்த உருண்டைப் பின் சொருகும் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். புதுப் போன்கள் பலவற்றில் இல்லை. பின்னில் இருக்கும் கறுப்பு வளையங்களையும் எண்ணுங்கள். மூன்று இருந்தால் பேசுவதற்கு மைக் உண்டு. இரண்டு என்றால் கேட்க மட்டும்தான். இது தெரியாமல் நான் ஒன்று வாங்கி, எங்க அம்மாவிடம் கால் மணி நேரம் "ஹலோ ஹலோ" என்று கத்தினேன்! தைக்கிறவர்களுக்கு ஒயர் வேண்டாம். குனிந்தால் மிஷின் சக்கரத்தில் போய்ச் சுற்றிக் கொள்ளும். அடுப்பருகேயும் அப்படித்தான். போன் சார்ஜில் இருக்கும்போது ஒயர் ஹெட்செட்டில் பேசவே கூடாது.

ஒயர் இல்லாததில் கழுத்தில் மாலை போல் தொங்கும் 'நெக்பேண்ட்' எனக்குப் பிடித்திருக்கிறது. கழற்றினால் கழுத்திலேயே தொங்கும். ஒரு தடவை சார்ஜ் போட்டால் எனக்கு மூன்று நாளைக்கு வருகிறது. தனித்தனி மொச்சைக்கொட்டை மாதிரி வருகிறதே 'இயர் பட்ஸ்', அது பார்க்க அழகு. ஐந்தாறு மணி நேரத்தில் சார்ஜ் தீரும். டப்பியில் வைத்து எடுக்க வேண்டும். ஒன்று வாஷிங்மிஷினுக்குள் போய்விட்டால் இன்னொன்று தனி மரம். இரண்டு மூன்று வருஷத்தில் பேட்டரி தளர்ந்தால் மாற்றுவது கஷ்டம். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் கீழே வைக்கவே கூடாது. பேட்டரியோடு வாயில் போட்டுக் கொள்ளும்.

காதை அடைக்காமல், காதுக்கு முன்னால் கன்ன எலும்பில் உட்காரும் ஒரு வகையும் வந்திருக்கிறது. எலும்பு அதிர்வு வழியாகவே சத்தம் உள்ளே போகும்! கடையில் போட்டுப் பார்த்தேன். கூச்சமாகக் கிச்சுகிச்சு மூட்டியது. காது ஓட்டை முழுக்கத் திறந்திருப்பதால் பின்னால் வரும் வண்டிச் சத்தம் கேட்கிறது. வாக்கிங் போகிறவர்களுக்கு நல்லது. ஆனால் விலை அதிகம், தபலா சத்தம் சப்பென்று இருக்கிறது, மூக்குக்கண்ணாடிக் காம்போடு இடிக்கிறது. எனக்குக் கட்டுப்படியாகவில்லை. எதைப் போட்டாலும் ரோட்டைக் கடக்கும்போதும் தண்டவாளம் பக்கமும் கழற்றிவிடுங்கள். பிள்ளைகளிடமும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

கடைசியாகக் காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்போன். இதில்தான் எங்கள் வீட்டுக் கதையின் மறுபாதி இருக்கிறது.

மாவுக்கட்டோடு அத்தை நாள் முழுக்க டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். சத்தம் தெருமுனை வரை கேட்கும். மகனுக்கு செமஸ்டர் பரீட்சை. ஆளுக்கு ஒரு பக்கம் சண்டை. சரி, பாட்டிக்கு ஒரு பெரிய ஹெட்போன் மாட்டிவிடுவோம் என்று மகன் தன்னுடைய ஒயர் இல்லாததைப் போட்டுவிட்டான். "வாய் முன்னாடி ஆடுது, பேச்சு பின்னாடி வருதுடா" என்று சிரித்தார் அத்தை. சில டி.வி.களில் ப்ளூடூத் மூலம் கேட்டால் இப்படிக் குரல் கொஞ்சம் பிந்தி வரும். பிறகு டி.வி.க்குப் பின்னால் பின் சொருகும் இடம் பார்த்து, நீள ஒயர் உள்ளதாக ஒன்று வாங்கினோம். தரையில் ஒயர் கிடந்தால் மறுபடி தடுக்கி விழுவாரே என்று சுவரோரமாக ஆணியடித்து இழுத்தோம். இரண்டு காதும் மூடுவதால் நம் வெயிலுக்குக் கொஞ்சம் புழுங்கும். ஆனால் காதுக்குள் எதுவும் நுழைவதில்லை, வயதானவர்களுக்கு மாட்டிக் கழற்ற எளிது. கனம் குறைந்ததாக, தலையை இறுக்காததாகப் பார்த்து வாங்க வேண்டும்.

எல்லாம் சரியானது என்று நினைத்தேன். நாலு நாள் கழித்து யதேச்சையாக அத்தை கழற்றி வைத்த ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்தேன். திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டேன். சத்தம் முழுசாக 100ல் இருந்தது!

"என்னத்தை, இவ்ளோ சத்தமா வச்சிருக்கீங்க?"

"சத்தம் கேக்குது தாயி. என்ன பேசுறாங்கன்னுதான் வெளங்கல. புரியட்டும்னு ஏத்தி வச்சேன்."

அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பல விஷயம் புரிந்தது. கூப்பிட்டால் திரும்பாததும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வதும் வயசுக் கோளாறு, பிடிவாதம் என்று நாங்கள்தான் முடிவு கட்டியிருந்தோம். மகளுக்குப் பார்த்த அதே டாக்டரிடம் அழைத்துப் போனேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொல்லி டெஸ்ட் எடுத்தார்கள். அங்கேயும் ஹெட்போன்தான், பாருங்கள்! வயதானால் கீச்சுச் சத்தம்தான் முதலில் கேட்காமல் போகுமாம். ச, த, ப, க மாதிரி எழுத்துகள் காதில் விழாமல், ஆ, ஓ என்ற ஓசை மட்டும் விழும். அதனால்தான் சத்தம் கேட்கும், பேச்சு விளங்காது. 60 வயதுக்கு மேல் நால்வரில் ஒருவருக்கு மேல் காது கேட்பதில் பெரிய குறை இருப்பதாக உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. இதற்கு ஹெட்போன் பரிகாரம் இல்லை. முழுச் சத்தத்தில் வைத்தால் மிச்சம் இருப்பதும் போய்விடும் என்றார் டாக்டர். காது மிஷின்தான் வைக்க வேண்டும். கீச்சுச் சத்தத்தை மட்டும் தேவையான அளவு கூட்டும்படி அவர் காதுக்கு ஏற்ப அதைச் சரிசெய்து தந்தார்கள். இந்த டெஸ்ட் பெரிய அரசு ஆஸ்பத்திரிகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் எடுக்கிறார்கள்.

முதல் பத்து நாள் "பாத்திரச் சத்தம் மண்டையில இடிக்குது" என்று அத்தை கழற்றி எறிந்தார். தினம் அரை மணி, ஒரு மணி என்று பழக்கினோம். இப்போது காலை முதல் ராத்திரி வரை போட்டிருக்கிறார். டி.வி. எல்லோரும் கேட்கும் சத்தத்தில் ஓடுகிறது. காது மிஷின் மேலேயே ஹெட்போனை அழுத்தினால் சில சமயம் கீச்சென்று விசில் அடிக்கும். அதனால் ஹெட்போனை மகனிடமே கொடுத்துவிட்டார்.

நீங்கள் வாங்கப் போனால் ஒன்றிரண்டு பார்த்துக் கொள்ளுங்கள். நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைப் போட்டுக் கேளுங்கள். வித்தியாசம் உடனே தெரியும். பத்து நிமிஷம் காதிலேயே வைத்திருந்து மடல் வலிக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு ஒரு போன் போட்டுப் பேசி, உங்கள் குரல் அந்தப் பக்கம் தெளிவாகக் கேட்கிறதா என்று கேளுங்கள். பில் வாங்கி வாரண்டி தேதியைப் பார்த்துக் கொள்ளுங்கள். நடைபாதையில் 100 ரூபாய்க்குக் கிடைப்பது இரண்டு மாதத்தில் ஒரு காது ஊமையாகிவிடுகிறது. மூன்று தடவை வாங்கிவிட்டுச் சொல்கிறேன்.

நான் மறுபடி தைக்கும்போது பாட்டுக் கேட்கிறேன். ரப்பர் இல்லாத பிளாஸ்டிக் வகை நெக்பேண்ட், அதுவும் வலது காதில் மட்டும். இடது காது கொல்லைப் பக்கம் திறந்திருக்கும். அத்தைக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. கீரை ஆய்ந்து கொண்டே அரை மணிக்கு ஒருதரம் அங்கிருந்து, "தாயி... கேக்குதா?" என்று குரல் கொடுப்பார்.

"கேக்குது அத்தை!" என்பேன் நான்.

— ஒரு வாசகி, திண்டுக்கல்.